கொல்லம் 1099, இங்கிலீஷ் 1924: ஆண்டுக் குறியீடு பற்றி ஒரு விமரிசனம்

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சுற்றறிக்கையில் ஒரு குறிப்பு இருந்தது. ஆண்டுகளைக் குறிக்கும்போது கி.மு., கி.பி. என்பவற்றைத் தவிர்த்து, பொ.ஆ.மு., பொ.ஆ. என்றே எழுத வேண்டும் என்பது அது. காரணம் கேட்டேன். "நம்ம சங்கத்துல எல்லா மதத்துக்காரங்களும் இருக்காங்க சார். ஒரு மதத்தோட பேரை வச்சு வருஷத்தை எண்றது நல்லாவா இருக்கு?" என்றார் மலர்க்குழுத் தம்பி. நல்லெண்ணத்தில் சொன்னதுதான், சந்தேகமில்லை. எனக்கு உடன்பாடில்லை என்றேன். "அதையே கட்டுரையா எழுதிக் குடுங்களேன்" என்று சொல்லிவிட்டார். வரலாற்று ஆசிரியனாக மூணாறிலும் பிறகு சித்தூர் வட்டத்திலுமாக முப்பது வருஷம் ஆண்டுக் கணக்கோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பொது ஆண்டு என்ற சொல்லாட்சி நேற்று முளைத்ததல்ல. வானியல் அறிஞர் கெப்ளர் 1615-லேயே இலத்தீனில் 'நமது பொதுச் சகாப்தம்' என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர்தான், மதத்தை விலக்குவதற்காக அப்படி எழுதவில்லை, சாதாரண மக்கள் வழங்கும் கணக்கு என்ற அர்த்தத்தில் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூத அறிஞர்கள் அந்தச் சொல்லை வேறு நோக்கத்தோடு எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் ஏ.டி. என்பது 'ஆண்டவரின் ஆண்டில்' என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். இயேசுவை ஆண்டவராக ஏற்காத ஒருவர் ஒவ்வொரு தேதியிலும் அவரை ஆண்டவர் என்று எழுத வேண்டியிருக்கிறது. அவர்களுடைய ஆட்சேபணை நியாயமானது. அங்கிருந்து பல்கலைக்கழகங்களுக்கும், பிறகு பாடநூல்களுக்கும் பொது ஆண்டு பரவியது. 2006-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் இரண்டு முறைகளையும் பிள்ளைகளுக்கு விளக்கியது.

தமிழுக்கு வரும்போது கதை மாறுகிறது. கி.பி. என்பது 'கிறிஸ்துவுக்குப் பின்'. இதில் ஆண்டவர் எங்கே இருக்கிறார்? ஒருவர் பிறந்ததற்கு முன், பிறந்ததற்குப் பின் என்று சொல்வதில் விசுவாசப் பிரமாணம் எதுவும் கிடையாது. 'காந்திக்குப் பின் காங்கிரஸ்' என்று எழுதுகிறவர் காந்தியவாதியாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரான வாதத்தை, அந்தக் குறை இல்லாத தமிழ்ச் சொல்லின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம் என்றே எனக்குப் படுகிறது. இது நம் ஊர்ப் பழக்கம். ஆங்கிலத்தில் ஒரு நோய் வந்தால் தமிழுக்கு மருந்து கொடுப்போம்.

அதற்காக கி.பி. குறையில்லாத சொல் என்று சொல்ல மாட்டேன். 'பின்' என்றதும் பிள்ளைகள் கிறிஸ்து இறந்ததற்குப் பின் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "அப்ப அவரு உயிரோட இருந்த வருஷமெல்லாம் எதுல சேரும் சார்?" என்று மூணாறில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அதைவிடப் பெரிய வேடிக்கை, இயேசு பிறந்தது ஏரோது அரசன் காலத்தில் என்பதால், ஏரோது இறந்த ஆண்டை வைத்துப் பார்க்கும் பெரும்பாலான அறிஞர்கள் இயேசுவின் பிறப்பை கி.மு. 4-க்கு முன்னே வைக்கிறார்கள். கிறிஸ்துவே கிறிஸ்துவுக்கு முன் பிறந்துவிட்டார்! மலையாளத்தில் கிறிஸ்து வருஷம் என்று ஒரு வழக்கு உண்டு. முன், பின் சிக்கல் இல்லாத சொல் அது.

ஆனால் புதிய சொல்லை ஆளுகிறவர்கள் இதைவிடக் கவனமாக இருக்கிறார்களா? இல்லை. பொ.ஆ.பி., அதாவது 'பொது ஆண்டுக்குப் பின்' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். பொது ஆண்டு இன்னும் முடியவில்லை, நாம் அதற்குள்ளேதான் இருக்கிறோம். அதற்குப் பின் என்றால் எப்போது? கி.பி.-யின் அச்சில் புதுச்சொல்லை வார்த்ததால் வந்த வினை. வேறு சிலர் பொது ஊழி என்கிறார்கள். ஊழி என்றால் நம் காதில் பிரளயம் விழுகிறது. ஒரே தொகுப்பில் ஒரு கட்டுரை கி.பி., அடுத்தது பொ.ஆ., மூன்றாவது பொ.ஆ.பி. என்று இருந்தால், பத்தாம் வகுப்புப் பிள்ளை இவை மூன்று தனித்தனி ஆண்டுக்கணக்குகள் என்றே நினைக்கும். நினைத்தது தப்பென்று சொல்ல முடியாது.

எண் மாறாமல் பெயரை மட்டும் மாற்றுவதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது, கிறிஸ்தவர்களிடமே இருக்கிறது. கிறிஸ்துவிலிருந்து ஆண்டை எண்ணும் முறையை வகுத்தவர் டயோனீசியஸ் என்ற துறவி. 525-இல் ஈஸ்டர் பண்டிகைக்கு அட்டவணை போடும்போது செய்தார். அதற்குமுன் அந்த அட்டவணைகளில் உரோமப் பேரரசன் டயோக்ளீசியன் ஆட்சிக்கு வந்த 284-ஆம் ஆண்டிலிருந்து எண்ணினார்கள். கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியவன் பெயரில் எதற்கு எண்ண வேண்டும் என்று அவர் கணக்கையே மாற்றிவிட்டார். எகிப்தின் கோப்டிக் திருச்சபை வேறு வழி கண்டது. 284-இலிருந்து எண்ணும் அதே கணக்கை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் 'இரத்தசாட்சிகளின் ஆண்டு' என்று மாற்றியது. கொன்றவன் பெயர் போய், கொல்லப்பட்டவர்களின் பெயர் வந்தது. அந்தப் பெயர் மாற்றத்தில் ஒரு நெருப்பு இருக்கிறது. கிறிஸ்துவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'பொது' என்று வைப்பதில் அப்படி என்ன இருக்கிறது? முதலாண்டு அதே ஆண்டுதான். அது ஏன் முதலாண்டு என்று பிள்ளை கேட்டால், மறுபடி பெத்லகேமுக்குத்தான் போக வேண்டும். கடையின் பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, சரக்கும் முதலாளியும் பழையபடியே.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும், போடிமெட்டுக்கும் குமுளிக்கும் இந்தப் பக்கமும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் ஆண்டை எப்படிச் சொல்கின்றன? கி.பி. என்று பேச்சில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பொ.ஆ. என்று? தமிழ் மாசம், மலையாள மாசம், இங்கிலீஷ் மாசம். தமிழ் வருஷம், மலையாள வருஷம், இங்கிலீஷ் வருஷம். இவ்வளவுதான். "இங்கிலீஷ் தேதி என்ன ஆச்சு?" என்று கேட்கும் பாட்டி அதில் மதத்தைப் பார்க்கவில்லை, மதச்சார்பின்மையையும் பார்க்கவில்லை, அந்தக் கணக்கு யாரோடு வந்தது என்பதைப் பார்த்தாள். தோட்டத்தில் துரையோடும், பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறித்த கணக்கப்பிள்ளையோடும், சம்பளத்தோடும் வந்த கணக்கு அது. வரலாற்று அடிப்படையில் பார்த்தால் கி.பி., பொ.ஆ. இரண்டையும்விட இதுவே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேச்சுத் தமிழ் நம் விவாதத்தை எப்போதோ தாண்டிப் போய்விட்டது. எழுதுகிறவர்கள்தான் இன்னும் வாசலில் நிற்கிறோம்.

மலையாள வருஷம் என்று நாம் சொல்லும் கொல்லம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 825-இல் தொடங்கிய கணக்கு. ஏன் அந்த ஆண்டில் தொடங்கியது என்பதற்குச் சப்தரிஷி கணக்கு, கொல்லம் நகரம் எழுந்தது, சங்கராச்சாரியார் தொடர்பு என்று பல விளக்கங்கள் உண்டு. கொல்லம் 149, அதாவது 973-ஆம் ஆண்டைச் சேர்ந்த மாம்பள்ளிச் செப்பேடு இந்தக் கணக்கில் கிடைத்த மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று. பழைய சாசனங்கள் 'கொல்லம் தோன்றி' இத்தனையாவது ஆண்டு என்று எழுதும். தெய்வம் தோன்றி என்றில்லை, அரசன் முடிசூடி என்றும் இல்லை, ஒரு ஊர் தோன்றி! உலகத்தில் எத்தனை சகாப்தங்களுக்கு இப்படி வணிகத் துறைமுகத்தின் பெயர் வாய்த்திருக்கிறது? இது மலையாளிகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் தமிழ்க் கல்வெட்டுகளிலேயே கொல்லம் ஆண்டு வருகிறது. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் இன்றைக்கும் கொல்லம் ஆண்டு அச்சாகிறது. மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை, ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர், வேணாட்டு அரசர்களின் வரிசையைக் கொல்லம் ஆண்டு பொறித்த கல்வெட்டுகளைக் கொண்டு நிறுவி 1894-இல் வெளியிட்டார். ஒரு கேரளத் தமிழன் செய்த முதல்தர வரலாற்று வேலை அது. நம் மலர்களில் அதைப்பற்றி ஒரு வரிகூட வருவதில்லை என்பது வேறு வருத்தம்.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்கள் திருவிதாங்கூரில் இருந்தன. சித்தூர் கொச்சி இராச்சியத்தில் இருந்தது. பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். ஆகவே இன்று ஒரே மாநிலத்தில் இருக்கும் நம் குடும்பங்களின் பழைய காகிதங்கள் ஒரே கணக்கில் இல்லை. திருவிதாங்கூரில் அரசாங்கத்தின் கணக்கே கொல்லம்தான். குடியானவர்களுக்கு நில உரிமை தந்த பண்டாரப்பாட்ட விளம்பரம் 1040-ஆம் ஆண்டு, அதாவது 1865. கண்ணன்தேவன் மலைகளைப் பூஞ்ஞாற்று ராஜா மன்றோ துரைக்குக் கொடுத்த 1877 ஜூலை, கொல்லம் 1052 மிதுனம். பெரியாற்று அணைக்கான குத்தகை கையெழுத்தான 1886 அக்டோபர் 29, கொல்லம் 1062 துலாம் 14. அந்தக் குத்தகை 1886 ஜனவரி 1-இலிருந்து 999 வருஷத்துக்கு. கையெழுத்துப் போட்ட இரண்டு அரசாங்கமும் இன்று இல்லை; எண்ணிக்கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12.

கணக்கு மாற்றுவது கஷ்டமில்லை. சிங்கம் தொடங்கி டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடிய 825. வடமலபாரில் ஆண்டு சிங்கத்தில் பிறக்காமல் கன்னி 1-இல் பிறக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி தலைப்பில் சொன்ன 99-க்கு வருகிறேன். மூணாற்றில் வளர்ந்தவர்களுக்கு '99 வெள்ளம்' என்று சொன்னால் போதும். 1924 ஜூலையில் பெய்த மழையில் மூணாறே மாறிப்போனது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயில் அழிந்தது, பிறகு வரவே இல்லை. அந்த ஆண்டு கொல்லம் 1099. ஆகவே 99 வெள்ளம். வெளியூரில் வளர்ந்த ஒரு பேத்தி என்னிடம், "1999-லயா தாத்தா? அப்ப நெட்ல போட்டோ இருக்கணுமே" என்றாள். இன்னொரு பழைய மலரில் ஒரு கட்டுரையாளர் அதை 1899 என்று அச்சிட்டே விட்டார். கி.பி.-யா பொ.ஆ.-வா என்ற கேள்வியை எவ்வளவு நுணுக்கமாகத் தீர்த்தாலும் இந்தப் பிழை தீராது. பொ.ஆ. 1899 என்று எழுதியிருந்தால் பிழைக்கு ஒரு கௌரவம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த பெருவெள்ளத்தையும் பாருங்கள். 2018 ஆகஸ்டு பதினைந்து, பதினாறில் வெள்ளம் உச்சத்தில் இருந்தது. பதினேழாம் தேதி சிங்கம் 1, கொல்லம் 1194 பிறந்தது. பழைய முறையில் பெயர் வைத்தால் 93 வெள்ளமா, 94 வெள்ளமா என்றே சண்டை வரும். யாரும் சண்டை போடவில்லை. எல்லாரும் 2018 என்றார்கள். 2023-இல் அதைப்பற்றி வந்த மலையாளப் படத்தின் பெயரே '2018'. ஒரு தலைமுறை வெள்ளத்துக்குக் கொல்லத்தில் பெயர் வைத்தது, இன்னொரு தலைமுறை இங்கிலீஷில் வைத்தது. எந்தக் குழுவும் தீர்மானம் போடவில்லை, எந்தச் சுற்றறிக்கையும் போகவில்லை. 2024 ஆகஸ்டு 17-இல் கொல்லம் 1200 பிறந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

பசலியைச் சொல்லாவிட்டால் பாலக்காட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சென்னை மாகாணத்து வருவாய்க் கணக்கெல்லாம் பசலியில். ஹிஜ்ரி ஆண்டை அடிப்படையாக வைத்து, அக்பர் காலத்தில் அறுவடைக்கு ஏற்பச் சூரியக் கணக்காக மாற்றப்பட்டது அது. 'பஸ்ல்' என்றால் அறுவடைப் பருவம். ஜூலை 1-இல் பிறக்கும், 590 கூட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இன்றைக்கும் ஜமாபந்தி பசலிக் கணக்கில்தான் நடக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. வேரைத் தோண்டினால் நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன 622-இல் போய் நிற்கும். ஆனால் கிஸ்தி கட்டிய கவுண்டரோ அய்யரோ தாங்கள் இஸ்லாமிய ஆண்டை எழுதுகிறோம் என்று ஒருநாளும் சங்கடப்பட்டதில்லை. மதத்தில் பிறந்த கணக்கு வயலில் புழங்கிப் புழங்கி வயலின் கணக்காகவே ஆகிவிட்டது. கி.பி.-க்கும் இதுவே நடந்திருக்கிறது. நடந்து முடிந்ததற்கு நாம் இப்போது புதிதாகப் பெயர் சூட்டு விழா வைக்கிறோம்.

இதைப் புதுநகரத்தில் ஒரு ராவுத்தர் பெரியவரிடம் சொன்னேன். "நோன்புக்கு ஹிஜ்ரி, நெலத்துக்குப் பசலி, ஓணத்துக்குக் கொல்லம், பென்சனுக்கு இங்கிலீஷ். ஒவ்வொண்ணும் அதது எடத்துல இருக்கு. இதுல எது பொது, எது பொது இல்லைன்னு நான் எதைச் சொல்றது?" என்றார். மூணாறு பக்கத்துச் சர்ச்சில் உபதேசியாராக இருக்கும் என் நண்பருக்கோ வேறு மாதிரி எரிச்சல். "கி.பி.ங்கறதை எடுத்தா எங்களுக்கு நஷ்டம்னு நெனைக்கிறாங்க. அந்தக் கி.-யைப் பாத்து நாங்க ஜெபம் பண்றதில்லையே அண்ணே!" இந்த இரண்டு பேரையும் காப்பாற்றத்தான் சுற்றறிக்கையில் அந்தக் குறிப்பு வந்தது. இரண்டு பேரும் கேட்கவில்லை.

தமிழ் வருஷம் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். அறுபது பெயர்களின் சுழற்சி அழகுதான், ஆனால் வரலாற்றுக்கு உதவாது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொன்னது 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம். தோட்டங்கள் எழும்பிய நாளில் மலைக்கு ஆள் கிடைத்ததற்குப் பின்னால் அந்தப் பசி இருக்கிறது. அறுபது வருஷம் கழித்து மறுபடி தாது. 1936-இல், ஆலயப் பிரவேச விளம்பரம் வந்ததும் தாது வருஷம்தான். பஞ்சத்துக்கும் கோயில் கதவு திறந்ததற்கும் ஒரே பெயர். குடும்பக் கதையில் "தாது வருஷத்துல" என்று ஒரு கிழவி சொன்னால், எந்தத் தாது என்று கேட்க வேண்டும். கேட்க அவள் இருக்க வேண்டும்.

திருவள்ளுவர் ஆண்டு, மதப்பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு நம்மிடமே உள்ள மாற்று. தமிழக அரசு 1971-இல் ஏற்றது, வள்ளுவர் கி.மு. 31-இல் பிறந்தார் என்று வைத்துக்கொண்டு 31 கூட்டும் முறை. வள்ளுவர் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை என்பதால் இதை எதிர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த எதிர்ப்பில் சாரம் தெரியவில்லை. டயோனீசியஸ் கணக்கும் தப்புதானே? தொடக்கம் தப்பாக இருந்தாலும் கணக்கு சரியாக ஓடும். என் சங்கடம் வேறு. அழைப்பிதழில் தி.ஆ. போடுகிற நாம், கட்டுரைக்குள் அதை ஒரு தடவையும் பயன்படுத்துவதில்லை. அலங்காரத்துக்கு ஒரு கணக்கு, வேலைக்கு ஒரு கணக்கு. புத்தாண்டு விஷயத்திலும் 2008-இல் தை முதல் நாள் என்று சட்டம் வந்தது, 2011-இல் அது நீக்கப்பட்டது. இரண்டு சட்டமும் வாளையாற்றைத் தாண்டவில்லை. இங்கே சித்திரை முதல் நாளை ஒட்டி விஷு வந்துவிடும், லீவு எப்படியும் உண்டு.

2018-இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் பொ.ஆ.மு. வந்தபோது அங்கே எதிர்ப்புக் கிளம்பி, சட்டமன்றம் வரை பேச்சு போனது. ஒரு பக்கம் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார்கள். மறுபக்கம் பழகிய தமிழ்ச் சொல்லை ஏன் எடுக்க வேண்டும், இதன் பின்னால் வேறு நோக்கம் இருக்குமோ என்றார்கள். இரண்டு பக்கமும் தங்கள் மதச்சார்பின்மையைக் காட்டவே பேசின என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே கொள்கை ஒருவரைக் கிறிஸ்துவின் பெயரை எடுக்கச் சொல்கிறது, இன்னொருவரைச் சிறுபான்மையின் அடையாளத்தை அழிக்காதே என்று வைக்கச் சொல்கிறது. ஆகவே கொள்கையை வைத்து இதைத் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நமக்குத் தேதி எதற்கு வேண்டும் என்று பார்த்தால் வழி தெரியும். இடுக்கியில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, அதிலும் பட்டியல் சாதியினருக்கு, சாதிச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு பெரிய அலைச்சல் என்பது வாசகர்களில் பலர் அனுபவித்தது. பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10-ஆம் தேதியது. அதற்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களிடம் என்ன காகிதம் இருக்கும்? என்னிடம் படித்த ஒருவன், இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான், மகளின் படிப்புக்காக ஒரு பழைய பள்ளிச் சேர்க்கைச் சீட்டைக் கொண்டுவந்தான். தாத்தாவின் பெயர், அதற்கு நேரே '1123 இடவம் 20'. தேனிப் பக்கம் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரிடம் முதலில் காட்டியிருக்கிறான். அவருக்குப் பழகியது பசலி. 590 கூட்டினார், 1713 வந்தது. "அப்ப தேயிலையே கிடையாது, இது ஏதோ பைல் நம்பர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொல்லம் 1123 இடவம் 20 என்றால் 1948 ஜூன் முதல் வாரம். திருவிதாங்கூரில் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். 1950-க்கு இரண்டு வருஷம் முன்னால் அந்தப் பையன் இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். பைல் நம்பர் என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டிருந்தால்?

இந்த மாதிரிக் காகிதம் எத்தனை வீட்டுத் தகரப் பெட்டிகளில் இருக்கிறதோ! அவற்றை வைத்துக் கட்டுரை எழுதுகிற நாம், கொல்லம் எண்ணை அடித்துவிட்டு 'பொ.ஆ. 1948' என்று மட்டும் எழுதினால், படிக்கிறவர் தன் வீட்டுச் சீட்டில் உள்ள 1123-ஐப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வாரா? மாட்டார். ஆவணத்தில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் முதலில் வர வேண்டும், கணக்கின் பெயரோடு. மாற்றிய ஆண்டு அடைப்புக்குறிக்குள் வரட்டும். கல்வெட்டு ஆய்வாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். சோழர் கல்வெட்டில் பெரும்பாலும் தொடர் ஆண்டு கிடையாது, அரசன் பட்டத்துக்கு வந்து இத்தனையாவது யாண்டு என்றிருக்கும். கல்லில் உள்ள கோள்நிலைக் குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டுத்தான் ராஜராஜன் பட்டம் ஏறியது 985 என்று கீல்ஹார்ன் கண்டார். கல்லில் உள்ளதை அப்படியே பதிப்பித்திருந்ததால் அது முடிந்தது. நம் நாட்டுக் கணக்குகள் அத்தனையையும் ஒன்றுக்கொன்று மாற்ற அட்டவணை போட்டுக் கொடுத்த எல்.டி. சாமிக்கண்ணு பிள்ளை ஒரு தமிழ்க் கத்தோலிக்கர். சகம், கலி, கொல்லம், ஹிஜ்ரி எல்லாம் அவருடைய நூல்களில் உண்டு. 1922-இல் வந்த அவருடைய பெரிய அட்டவணைத் தொகுதிகள் இல்லாமல் தென்னிந்திய வரலாறு எழுத முடியாது. யாருடைய தெய்வத்தின் பெயரில் கணக்கு இருக்கிறது என்று அவர் ஒதுக்கியிருந்தால் நமக்கு நஷ்டம்.

ஆகவே மலர்க்குழுவுக்கு என் யோசனை. ஆயிரமாம் ஆண்டுக்குப் பிந்தைய தேதிகளுக்கு எந்தக் குறியும் வேண்டாம். 1924 என்றால் யாரும் கிறிஸ்துவுக்கு முன்னா பின்னா என்று கேட்கப்போவதில்லை. நம் கட்டுரைகளில் தேதிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதாம், பாதிச் சண்டை அதோடு தீரும். அதற்கு முந்தைய தேதிகளுக்கு கி.மு., கி.பி. போதும் என்பது என் கட்சி. பொ.ஆ. என்றுதான் எழுதுவேன் என்கிற கட்டுரையாளரைத் தடுக்க வேண்டாம். பள்ளியில் அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அது பழகியிருக்கும். ஆனால் ஒரு கட்டுரைக்குள் ஒன்றே இருக்கட்டும், பொ.ஆ.பி. மட்டும் வேண்டவே வேண்டாம். கொல்லம், பசலி இரண்டுக்கும் மாற்றும் வாய்ப்பாட்டை மலரின் கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்கு நடுவிலாவது, அரைப்பக்கம் போட்டுத் தர முடியுமானால் நல்லது. நானே எழுதித் தருகிறேன்.

இந்தக் கட்டுரையிலும் கி.மு. என்று நான்கைந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். சுற்றறிக்கைப்படி அதைப் பொ.ஆ.மு. என்று திருத்துவதாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம், கோபமில்லை. 1099, 1112, 1123 என்று வரும் இடங்களில் மட்டும் பிழைதிருத்துகிற தம்பி, அச்சுப்பிழை என்று நினைத்துக் கை வைத்துவிட வேண்டாம்.